திறவாத கோப்பு



மின்னிலக்கப் பதிவுகளைக் காப்பது குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். என் மேசைக்கு வந்த ஒரு கோப்பின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், துறைமுகத்தில் உழைத்த முதியவர் ஒருவரின் நினைவுகளை ஏறத்தாழ ஒரு மணி நேரம் காணொளியாகப் பதிவு செய்தோம். அவர் பேசி முடிக்கும் தறுவாயில் கேமராவின் பேட்டரி தீர்ந்துவிட்டது. மறுநாள் கோப்பு திறக்கவில்லை. நினைவட்டையைக் கேமராவில் இட்டபோது, ஃபார்மேட் செய்யலாமா என்று திரையில் ஒரு வினா எழுந்தது. உடனிருந்த இளைஞர் ஒப்புதல் தர விரலை நீட்டிவிட்டார். முதியவரோ மீண்டும் அமர்ந்து பேசும் உடல்நிலையில் இல்லை.

விரலைத் தடுத்துவிட்டுக் கோப்பின் அளவைப் பார்த்தேன். 22 ஜிகாபைட். நொடிக்கு 50 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு மணி நேரத்திற்கு 22.5 ஜிகாபைட் ஆகும். அப்படியானால் அவர் பேச்சு அட்டையில்தான் இருக்க வேண்டும்.

எம்பி4 கோப்பில் படமும் ஒலியும் ஒரு பகுதியில் அமைகின்றன. எந்தச் சட்டகம் எங்கே உள்ளது என்னும் அட்டவணை 'மூவ்' என்ற வேறொரு பகுதியில் அமைகிறது. பல கேமராக்கள் அந்த அட்டவணையைப் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதி முடிக்கின்றன. எங்கள் கேமராவுக்கு அந்த அவகாசம் வாய்க்கவில்லை. ஏடுகள் எல்லாம் இருந்தன. கோத்த கயிறும் ஏட்டெண்ணும் இல்லை.

அட்டையின் பூட்டை நகர்த்தி, அதில் எதுவும் எழுதப்படாதவாறு செய்தோம். முழு அட்டையையும் அப்படியே நகலெடுத்து, நகலின் மீதே வேலை செய்தோம். அதே கேமராவில் அதே அமைப்புகளுடன் சிறு பதிவொன்றை வேறோர் அட்டையில் எடுத்து, மீட்பு மென்பொருளுக்கு முன்மாதிரியாகக் கொடுத்தோம். அது அட்டவணையைப் புதிதாகக் கட்டியது. இறுதிச் சில நொடிகள் மட்டும் கிட்டவில்லை.

தவறுதலாக அழித்த கோப்புக்கும் இதே பொறுமை வேண்டும். அட்டையில் அழிக்கும்போது பெரும்பாலும் பெயர்ப்பதிவுதான் நீங்குகிறது. உள்ளடக்கம் அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை இருக்கும். ஆகவே அந்த அட்டையில் மேலும் படம் பிடிக்கலாகாது. எஸ்எஸ்டி வட்டுகளில் நம்பிக்கை குறைவு. அழித்த இடத்தை அவை தாமாகவே துடைத்துவிடக்கூடும்.

எக்ஸ்போர்ட் என்பதை ஏற்றுமதி என்றால், இந்நகரில் கப்பல்தான் நினைவுக்கு வருகிறது! பெயர் எதுவாயினும், அது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் அவ்விடத்துத் துண்டையோ விளைவையோ ஐயுறுங்கள். வெவ்வேறு இடங்களில் நின்றால் நினைவகம், வெப்பம், வட்டின் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். 4 ஜிகாபைட்டை எட்டியதும் நின்றால், வட்டு பழைய ஃபேட்32 முறையில் அமைந்திருக்கலாம். அம்முறை அதற்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் ஒரு கட்டளையால் அழியத் தொடங்கின. காப்பு நகல்களை நாடியபோது அவையும் பழுதாகியிருந்தன. அவற்றை அவர்கள் தொடர்ந்து சோதித்து வரவில்லை. மகப்பேற்றுக்குப் பின் வீட்டிலிருந்து பணிபுரிந்த கேலின் சஸ்மனின் கணினியில் இருந்த நகலே கைகொடுத்தது.

முதியவரின் பதிவு இப்போது மூன்று நகல்களாக உள்ளது. ஒன்று வேறு கட்டடத்தில். ஆண்டுக்கொரு முறை மூன்றையும் திறந்து, நடுவிலிருந்து சிறிது ஓடவிட்டுக் கேட்கிறோம். அந்த இளைஞரே அப்பணியைச் செய்கிறார்.