சான்றிதழ் சுவரில் தொங்கினால் போதுமா?

(அடி அண்ணாமலையில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நாம் கூடியிருக்கும் இந்த அடி அண்ணாமலை, கிரிவலப் பாதையில் உள்ள ஊர். பௌர்ணமி தோறும் மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நடந்து வரும் மக்களை நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள். அவர்களில் எத்தனை பேர் சர்க்கரை நோயாளிகள்? காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நடந்தால், வழியில் வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழலாம்.

இதே ஆபத்து நம் வீடுகளில் ரமளானில் வருகிறது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் வயிறு காலியாக இருக்கும்போதும் சர்க்கரையை இறக்கும். இன்சுலின் போடுபவர்களுக்கு இந்தக் கவனம் இன்னும் அதிகம் தேவை. சஹரில் எவ்வளவு, நோன்பு திறக்கும்போது எவ்வளவு என்று மாற்றிக் கொடுப்பது மருத்துவரின் வேலை. ஆனால், 'பெரியவரே, நோன்பு வைக்கப் போகிறீர்களா? டாக்டரிடம் கேட்டீர்களா?' என்று கேட்டு அனுப்புவது யார் வேலை? மருந்துக்கடையில் நிற்பவரின் வேலை!

அந்தக் கேள்வியைக் கேட்க நம் பிள்ளைகளுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

ஏட்டுச் சுரைக்காய்

சகோதரர்களே! டி.பார்ம் படிக்கும் மாணவர் மருந்தின் பெயர், வேதிப் பொருள், வகை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடுகிறார். 500 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தப் பயிற்சி கையெழுத்தோடு முடிந்துவிட்டால் என்ன ஆகும்? மூன்று எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

ஒன்று: இன்சுலின். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40க்கு உரிய ஊசியின் மூடி சிவப்பு. 100க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால், உடலுக்குள் போவது 20 அல்ல, 50 யூனிட்! இரண்டரை மடங்கு! உயிரே போய்விடலாம்.

இரண்டு: குழந்தையின் காய்ச்சல் மருந்து. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம். சிரப்பு என்று நினைத்துச் சொட்டு மருந்தை ஐந்து மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போகும்.

மூன்று: ஆஸ்துமா இன்ஹேலர். என் தாயார் மாதக்கணக்கில் அதைத் தவறாகவே பயன்படுத்தி வந்தார்கள். மருந்து நுரையீரலுக்குப் போகாமல் தொண்டையிலேயே தங்கியது. குலுக்க வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும், உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும், மெதுவாக, ஆழமாக இழுத்துப் பத்து விநாடி அடக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்தாக இருந்தால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. காசு வாங்கிக்கொண்ட எவரும் அந்த இரண்டு நிமிடத்தைத் தரவில்லை.

வழி இருக்கிறது

இது முடியாத காரியமா? இல்லை. 1990களின் பிற்பகுதியிலேயே உதகமண்டலம், மைசூர் ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரிகள் மாணவர்களை மருத்துவமனை வார்டுகளுக்கு அனுப்பி, நோயாளியின் படுக்கையருகிலேயே மருந்து சிகிச்சையைக் கற்றுக் கொடுக்கத் தொடங்கின. 2008இல் ஆறாண்டு பார்ம்.டி படிப்பு வந்தது. கடைசி ஓராண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சிதான். நோயாளிக்கு விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. மருந்துத் தவறுகளால் வரும் தீங்கைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2017இல் உலகளாவிய முயற்சியையே தொடங்கியது.

பார்ம்.டி படிக்க எல்லோருக்கும் வசதி இல்லை. அதனால்தான் வார இறுதிப் பயிற்சிப் பட்டறை வேண்டும் என்கிறேன்.

சனிக்கிழமை மாலை கைப்பழக்கம். காலி இன்ஹேலர், ஊசி, அளவு மூடி, தண்ணீர் போதும். பவுடர் மருந்தில் கொதித்து ஆறிய நீரைக் கோடு வரை ஊற்றிக் கலக்கட்டும். ஊசியில் தண்ணீரை இழுத்து அளவு காட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை மருந்துச் சீட்டு. ஒருவர் நோயாளி, ஒருவர் மருந்தாளுநர். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிக்குச் சொல்வதுபோலச் சொல்லி, 'எப்படிச் சாப்பிடுவீர்கள், நீங்களே சொல்லுங்கள்' என்று திருப்பிக் கேட்கட்டும். மருந்தால் ஒவ்வாமை வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் எப்படித் தெரிவிப்பது என்றும் பழகட்டும்.

வணிகர்களே, உங்களிடம் ஒரு கேள்வி

மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கொடுக்கப் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உரிமை என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. யாரோ ஒருவருடைய சான்றிதழை வாடகைக்கு வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, பத்தாம் வகுப்புப் பையனை மருந்து எடுத்துக் கொடுக்க வைக்கும் கடைகள் இல்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்! அதில் மிச்சமாகும் சம்பளம் யாருடைய உயிரின் விலை?

நோயாளி நம்மிடம் தருவது பணத்தை மட்டும் அல்ல. தன் உயிரை அமானிதமாகத் தருகிறார். அவர் எந்த மதத்தவர் என்று மருந்துக்குத் தெரியாது. அமானிதத்தில் மோசடி செய்து கிடைக்கும் லாபம் நமக்கு வேண்டாம்.

மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு ஞாயிறு உங்கள் கடையை மாணவர்களுக்குத் திறந்து விடுங்கள். கூடம் உள்ளவர்கள் இடம் தாருங்கள். அனுபவமுள்ள மருந்தாளுநர்களும் மருத்துவர்களும் இரண்டு மணி நேரம் தாருங்கள். இளைஞர்களே! சகோதரிகளையும் இந்தப் பயிற்சிக்கு அழைத்து வாருங்கள். வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம்.

சான்றிதழ் சுவரில் இருக்கட்டும். அறிவு கையில் இருக்க வேண்டும். அடுத்த ரமளானுக்கு முன் முதல் பட்டறையை நடத்திக் காட்டுவோமா? உங்கள் பதில் கைதட்டலாக வேண்டாம். பெயர்ப் பட்டியலாக வரட்டும்.