வீட்டில் தொடங்கும் எண்ணறிவு

(பேசின் பிரிட்ஜில் நடைபெற்ற வெள்ளி விழாப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழா மேடையில் பட்டம் பெற்றோரைப் பாராட்டுவது மரபு, அப்பாராட்டு தகும். ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, பள்ளி வாசலை இன்னும் மிதிக்காத மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளைப் பற்றி. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறும் மாணவனின் தோல்வி பல வேளைகளில் அந்த ஆண்டில் தொடங்கியதன்று. எண் என்றால் என்னவென்று விளங்காமலே அவன் முதல் வகுப்பில் அமர்ந்த நாளில் தொடங்கியது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் 6 நெடுங்கால ஆய்வுகளை ஒருசேர ஆராய்ந்து கிரெக் டங்கன் குழுவினர் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவும் இதையே சொல்கிறது. பள்ளியில் சேரும்போது குழந்தையிடம் உள்ள எண்ணறிவே பிற்காலத் தேர்ச்சியை மிகுதியாக முன்னுணர்த்தியது.

கணக்கு, நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்ட செல்வம். கூலிக் கணக்கும் கடன் கணக்கும் பிறர் கையில் இருந்தன; கைரேகை மட்டுமே நம்முடையதாக இருந்தது. இந்நகரில் நம் பிள்ளைகளுக்கென 1894இல் கர்னல் ஆல்காட் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் அம்முயற்சிக்குத் துணை நின்றார். ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிச் சட்டசபை சென்ற எம்.சி. ராஜா, சிறு குழந்தைகளின் கல்விக்கென்றே நூல் எழுதினார். நம் பெரியோர்கள் மழலைப் பருவத்தைச் சிறிதாகக் கருதவில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

'கணக்கு நம் பிள்ளைகளுக்கு வராது' என்ற பேச்சை நம் வீடுகளிலேயே கேட்கிறோம். இது பொய். காசிமேட்டில் மீனைக் கூறு கட்டி விற்கும் தாயும், முழம் போட்டுப் பூ விற்கும் பாட்டியும் நாளெல்லாம் கணக்கே போடுகிறார்கள். பின் குறை எங்கே இருக்கிறது? கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 2025இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பல பொருள்களின் விலையை மனத்திலேயே கூட்டிச் சில்லறை தந்த அச்சிறுவர்கள், தாளில் எழுதிய எளிய கணக்கில் தடுமாறினர். பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினர். வாழ்வின் கணக்கும் ஏட்டின் கணக்கும் தாமாக ஒன்று சேர்வதில்லை, இணைப்பவர் வேண்டும். குழந்தைக்கு அந்த முதல் இணைப்பாளர் பெற்றோரே.

எண்ணறிவு எவ்வாறு வளர்கிறது? ஒன்று முதல் இருபது வரை ஒப்பிக்கும் குழந்தை எண்ணக் கற்றுவிட்டதாக நாம் மகிழ்கிறோம். அது பாட்டு, எண்ணிக்கை அன்று. ஒரு பொருளுக்கு ஒரே சொல் சொல்ல வேண்டும். சொற்களின் வரிசை மாறக்கூடாது. கடைசியாகச் சொன்ன சொல்லே மொத்தம். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் மொத்தம் மாறாது. இவற்றை 1978இல் கெல்மன், கேலிஸ்டல் என்னும் அறிஞர்கள் விளக்கினர். சோதிப்பது எளிது. பத்துப் புளியங்கொட்டைகளைப் பரப்பி, "மூன்று கொடு கண்ணு" என்று கேளுங்கள். கை நிறைய அள்ளித் தந்தால் மூன்று இன்னும் விளங்கவில்லை. கடிந்துகொள்ள வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று என ஒவ்வோர் எண்ணும் விளங்கப் பல மாதங்கள் ஆகும்.

இதற்குப் பணம் வேண்டியதில்லை. தண்ணீர் லாரி வரும் நாளில் நிரம்பிய குடங்களைக் குழந்தை தொட்டு எண்ணட்டும். ஆளுக்கொரு தட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு ஒன்று பொருந்துவது விளங்கும். நான்கு இட்லியில் ஒன்றைத் தின்றால் மீதி எத்தனை என்று கேளுங்கள். இரு கூறு மீனில் எதில் அதிகம் என்று கேளுங்கள். அம்மாவின் முழத்துக்கும் பிள்ளையின் முழத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டினால் அளவை என்பதன் பொருள் புரியும். நிலையத்தில் நிற்கும் மின்தொடர் வண்டியின் பெட்டிகளை, கையைப் பிடித்துக்கொண்டு நடைமேடையிலிருந்தே எண்ணலாம். தண்டவாளத்தருகே மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள்.

விளையாட்டும் பெருந்துணை. தரையில் பத்துக் கட்டங்கள் வரைந்து 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய இரு புளியங்கொட்டைகளை வீசி, விழுந்த வெள்ளைகளுக்கேற்பக் காயை நகர்த்தட்டும். நான்காம் கட்டத்திலிருந்து இரண்டு நகர்ந்தால் 'ஒன்று, இரண்டு' என்னாமல் 'ஐந்து, ஆறு' என்று சொல்ல வேண்டும். இத்தகைய எண் கட்ட விளையாட்டை ஏழைக் குடும்பக் குழந்தைகள் சுமார் 15 நிமிட அளவில் நான்கு முறை ஆடியதில் எண்ணறிவு உயர்ந்ததை ரமணி, சீக்லர் என்போர் 2008இல் காட்டினர். எண்ணில்லாத வண்ணக் கட்டங்களில் ஆடியோர்க்கு அப்பயன் கிட்டவில்லை. ஆகவே விளையாட்டோடு எண்ணின் பெயரும் எழுத்தும் கூடவே வர வேண்டும். மிகச் சிறு குழந்தைகள் கொட்டையை விழுங்கக்கூடும், கண் வையுங்கள்.

தமிழில் எண்ணக் கற்பிக்கத் தயங்காதீர்கள். பதினொன்று என்பதில் பத்தும் ஒன்றும் வெளிப்படையாக உள்ளன. இருபத்து மூன்றில் இருபதும் மூன்றும் தெரிகின்றன. ஆங்கிலத்தில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் வழங்கும் சொற்களில் பத்து மறைந்துள்ளது. தொண்ணூறு என்பது நம் மொழியில் வழி தவறச் செய்யும்; நூறு என்னும் ஒலி அதில் இருப்பதால் பிள்ளைகள் குழம்புவர். அதைத் தனியே சொல்லித் தரலாம். தமிழில் எண் விளங்கிய குழந்தைக்கு ஆங்கிலப் பெயர்கள் பின்னர் எளிதில் வரும்.

மூன்று வயதில் பலகையைக் கையில் திணித்து, எழுதாவிட்டால் அடிப்பது வேண்டாம். அடிபட்ட பிள்ளை எண்ணை வெறுக்கும். அந்த வெறுப்பு பத்தாம் வகுப்பு வரை உடன் வருவதை ஆசிரியர்களாகிய நாங்கள் கண்டு வருகிறோம்.

அங்கன்வாடி நம் உரிமை. 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் சத்துணவோடு முன்பருவக் கல்வியும் அடங்கும். உணவு பெறும் தட்டோடு நாம் நின்றுவிடாமல், "இன்று பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்று மரியாதையோடு கேட்கப் பழக வேண்டும்.

இளைஞர்களே! வேலைக்குச் சென்று களைத்து வரும் தாய் தகப்பனால் எல்லா நாளும் இயலாது. ஒருவர் தம் தெருவில் இரண்டு வீடுகளை ஏற்று, மாலையில் கால் மணி நேரம் அங்குள்ள சிறுவர்களோடு கட்டம் ஆடுங்கள். அடுத்த ஜூன் மாதம் முதல் வகுப்பில் சேரும் நம் பிள்ளை, ஆசிரியர் ஐந்து என்று சொல்லும்போது ஐந்து பொருளை மனக்கண்ணால் காணட்டும். பிறர் எழுதிய கணக்கின் கீழ் கைரேகை வைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள், தம் கணக்கைத் தாமே எழுதட்டும்.