கடைசியாக நடப்பவர்



இத்தாலியின் பலெர்மோவில் வாழும் நம் தமிழர்கள் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மலைதான். சைவர்களும் கத்தோலிக்கர்களும் சேர்ந்தே மொந்தே பெல்லெக்ரினோ மலையேறி, குகைக் கோயிலில் இருக்கும் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டு வருகிறோம். 1624இல் கொள்ளைநோய் இந்த நகரத்தை வாட்டியபோது அந்த மலையில் கிடைத்த புனிதையின் எலும்புகளை மறு வருடம் ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். அதன்பின் நோய் தணிந்தது என்பது இந்த ஊராரின் நம்பிக்கை. அதே தாயிடம்தான் நாமும் விசாவுக்கும் வேலைக்கும் பிள்ளை குட்டிகளின் சுகத்துக்கும் நேர்த்தி வைக்கிறோம்.

நான் இருப்பது நகரத்தின் தென்கிழக்கே, பிரான்காச்சோவில். அங்கிருந்து நகரத்தைக் கடந்து வடக்கே மலையடிக்குப் போகும் குடும்பங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டிப்போவது என் வேலை. கூட்டமாக நடப்பவர்கள் பத்திரமாகத் திரும்ப என்ன வேண்டும் என்று கேட்டால், நல்ல சப்பாத்தும் தண்ணீரும் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். வேண்டும்தான். ஆனால் எனக்கு எல்லாவற்றுக்கும் முதலில் வருவது வேறொன்று: கடைசியாக நடப்பவர் யார்?

நேயர்களே, நீங்கள் போன நடையை நினைத்துப் பாருங்கள். முன்னால் போகும் இளைஞர்கள் ஒரு வளைவில் நின்று இளைப்பாறுவார்கள். பின்னால் வரும் வயதானவர் மூச்சு வாங்க அங்கே வந்து சேரும் நேரத்தில் "சரி, வெளிக்கிடுவோம்" என்று எழும்பிவிடுவார்கள். ஓய்வு தேவையில்லாதவருக்கு ஓய்வு கிடைக்கிறது. தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடமும் கிடைப்பதில்லை. ஏற்றம் முழுக்க இதுவே நடந்தால் அவர் உடம்பு எப்படித் தாங்கும்? அதனால் எங்கள் கூட்டத்தில் ஓய்வு நேரம் கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் தொடங்கும்.

அந்தக் கடைசி ஆளை மலையடியிலேயே பெயர் சொல்லி நியமித்துவிட வேண்டும். வேகமானவர் வேண்டாம், பொறுமையானவர் வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. அவர் பையில் கூடுதலாக ஒரு தண்ணீர்ப் போத்தல், கட்டுத்துணி, சீனி, விசில் இருக்க வேண்டும்.

சீனி எதற்கு என்று கேட்பீர்கள். விரதமிருந்து மலையேறும் அம்மாமார் நம்மில் நிறையப் பேர். அவர்களில் சிலருக்கு நீரிழிவு. சாப்பிடாமல் மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு ஏறினால் இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கிவிடும். ஒருமுறை ஓர் அம்மா, "தம்பி, நீங்கள் போங்கோ, நான் ஆறுதலாக வாறன்" என்றார். கடைசியாக வந்த இளைஞன், "இல்லை அம்மா, நான் உங்களுக்குப் பின்னாலைதான்" என்று நின்றுவிட்டான். சற்று நேரத்தில் அவர் பேச்சுக் குழறியது, கை நடுங்கியது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை. அவன் நிழலில் இருத்தி, சீனி கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தான். அவர் தெளிந்தார். அன்று அவரைக் கோயிலுக்கு ஏற்றவில்லை, வாகனத்தில் வீட்டுக்கு அனுப்பினோம். அந்த இளைஞன் முன்னால் போயிருந்தால் அவர் அந்த வளைவில் தனியே விழுந்திருப்பார். நினைவு தப்பியவருக்கு மட்டும் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. உடனே 112ஐ அழைக்க வேண்டும்.

மலையின் உயரம் 606 மீட்டர், கோயில் இருப்பது ஏறக்குறைய 430 மீட்டரில். அதைக் கேட்டுச் சின்ன மலை என்று நினைக்க வேண்டாம். பழைய பாதையின் கற்கள் தலைமுறை தலைமுறையாகப் பாதங்கள் பட்டுத் தேய்ந்தவை. மழைக்கு மறுநாள் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். ஏறும்போது கவனமாக இருப்பவர்கள் கும்பிட்டு முடிந்த நிம்மதியில் இறங்கும்போது விழுகிறார்கள். பாதை கார் ஓடும் தெருவையும் இடையிடையே கடக்கிறது, அந்த இடங்களில் சிறுவர்கள் முந்தி ஓடக் கூடாது. செப்டம்பர் 3ஆம் தேதி இரவு ஊரே திரண்டு ஏறும்போது ஆளுக்கொரு டார்ச் வேண்டும். கைத்தொலைபேசியின் மின்கலத்தை அவசர அழைப்புக்கு மிச்சம் வையுங்கள். வெறுங்காலோடு நேர்த்தி வைத்தவர்கள் சப்பாத்தைப் பையில் கொண்டுபோங்கள். இறங்கும்போது போட்டுக்கொண்டால் அம்மா கோபிக்கமாட்டா.

நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை. 2018 மார்ச் 11ஆம் தேதி தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேறிகளைச் சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் இளம் பெண்கள். இங்கே 2023 ஜூலைக் கடைசியில் பலெர்மோவைச் சுற்றிய மலைகள் எரிந்து, விமான நிலையத்தையே சில மணி நேரம் மூடினார்கள். காய்ந்த புல்லும் பைன் மரமும் சிரோக்கோ என்ற தெற்கத்திய வெப்பக் காற்றும் சேர்ந்தால் நெருப்புக்கு வேறொன்றும் வேண்டாம். தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும்; சரிவு 10 பாகை கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கீழே புகை கண்டால் உச்சிக்கு ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, தார் வீதிக்கோ புல்லில்லாத வெட்டைக்கோ போங்கள். சிரோக்கோ வீசும் நாளில் புறப்படவே வேண்டாம். நேர்த்தியை இன்னொரு ஞாயிறு நிறைவேற்றலாம்.

நேரம் நெருங்குகிறது. விசில் ஊதினால் நிமிடத்துக்கு 6 முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடியும் 6 முறை. மலைகளில் உதவி கேட்கும் முறை அது, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். வரும் ஞாயிறு மலையடியில் கூடும்போது, சாமான்களைப் பிரித்துக் கொடுப்பதற்கு முன்னால், "இன்றைக்குக் கடைசியாக நடக்கப்போவது யார்?" என்று உங்களில் ஒருவர் சத்தமாகக் கேளுங்கள். யாரும் கை உயர்த்தாவிட்டால் அந்த இடத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.