காணிக்கு உறுதி உண்டு, கடைசி நாளுக்கு?

(கரம்பொனில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



தீவக மக்கள் காணி விடயத்தில் விழிப்பானவர்கள். எல்லைவேலி ஒரு முழம் நகர்ந்தாலும் நீதிமன்ற வாசலில் நிற்போம். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தைப் பகுத்துரைக்கும் தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டிலேயே, சட்டமாக ஏட்டில் ஏறியது. நொத்தாரிசிடம் உறுதி முடிப்பதும் மரணசாதனம் எழுதுவதும் நமக்குப் பழகிய காரியங்கள். ஆனால், பேச்சும் நினைவும் தவறிக் கிடக்கும் நாளில் எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம், நமக்காக யார் பேசவேண்டும் என்பதை எத்தனை வீடுகளில் பேசியிருக்கிறோம்?

“மரணசாதனம் இருக்கிறதே” என்பீர்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லாவிடத்து ஐந்து சாட்சிகளும் இருந்தால் அது செல்லும். எனினும், உயிர் பிரிந்த பின்னரே அது பேசத் தொடங்கும். அற்றோணித் தத்துவமோ, கொடுத்தவரின் சித்தம் தெளிவாயிருக்கும் வரைதான் நிற்கும். ஆகவே, நினைவு தவறுவதற்கும் உயிர் பிரிவதற்கும் இடைப்பட்ட காலத்தில் இவ்விரண்டும் நமக்குத் துணையல்ல.

அவ்வேளையில் நடப்பது யாது? தந்தையை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்கிறார்கள். நெடுந்தீவாராயின் குறிகட்டுவான் வரை கடலும் கடக்கவேண்டும். சுவாச இயந்திரம் பொருத்துவதா என்று வைத்தியர் கேட்கிறார். ரொறன்ரோவிலிருக்கும் மூத்தவன் “எல்லாம் செய்யுங்கள்” என்கிறான். இலண்டனிலிருக்கும் மகள் “ஐயாவை வருத்தவேண்டாம்” என்கிறாள். கட்டிலருகில் நிற்கும் இளையவள் எதைச் சொன்னாலும் பழி அவளுக்கே. அந்தியேட்டி முடியுமுன் உடன்பிறப்புகள் பகைவராகின்றனர்.

பிறநாடுகள் இதற்கு வழி கண்டுள்ளன. ஒன்ராறியோவின் 1992 ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கிலாந்தின் 2005 ஆம் ஆண்டுச் சட்டமும், தமக்காக வைத்திய முடிவெடுப்பவரை முன்கூட்டியே எழுத்தில் நியமிக்க இடமளிக்கின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 ஆம் நாள், உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய முன்விருப்பத்தை எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. 2023 இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. அதைப் பாராளுமன்றத்திடம் கேட்பது நமது கடமை. ஆனால், சட்டம் வரும்வரை நோய் காத்திராது.

ஆகையால், இன்றே செய்யக்கூடியதைச் செய்வோம். உங்கள் மனமறிந்த ஒருவரைத் தெரிந்தெடுங்கள். பிள்ளைகள் அனைவரும் கேட்க, அவர் பெயரையும் உங்கள் விருப்பத்தையும் சொல்லுங்கள். எழுதித் திகதியிட்டு, இரு சாட்சிகள் முன் ஒப்பமிட்டு, ஒரு பிரதியை உங்கள் வைத்தியரிடம் கொடுங்கள். நோயின் நிலை மாறினால் திருத்தி எழுதுங்கள். அத்தாள் வைத்தியரைச் சட்டத்தால் கட்டாதெனினும், உங்கள் மனத்துக்குச் சாட்சியாகும்.

இது சிகிச்சையை மறுக்கும் பிரசாரமன்று. “இறுதிவரை முயலுங்கள்” என்றும் எழுதலாம். “இயந்திரம் வேண்டாம், நோவு தணித்தால் போதும்” என்றும் எழுதலாம். முடிவு உங்களுடையதாக இருக்கவேண்டும் என்பதே என் கோரிக்கை.

சாவைப் பேசுவது அபசகுனம் என்பார் உளர். மாரிக்கு முன் வரம்பு கட்டுகிறோம். வரம்பு கட்டியதனாற்றான் வெள்ளம் வந்தது என்று எந்தக் கமக்காரனும் சொன்னதில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் இவ்வாரம் தொலைபேசியில் அழைக்கும்போது, காணி விலையைக் கேட்குமுன் இதைப் பேசுங்கள். அருகிலிருந்து உங்களைப் பராமரிக்கும் பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய பெரிய சீதனம் அதுவே.