ஐ.பி. டிப்ளமாவில் சேரலாமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய நினைவுகளைப் பேச இங்கே என்னைவிடச் சுவையாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு, பல வருடங்கள் ஐ.பி. பாடத்திட்டம் நடக்கும் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். எந்தச் சந்திப்புக்குப் போனாலும் காபி குடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் ஓரமாக அழைத்துப்போய், "பத்தாவது முடிச்சுட்டான். ஐ.பி.ல சேக்கலாமான்னு ஒரே குழப்பம்" என்பார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இன்று ஒரே தடவையில் சொல்லிவிடுகிறேன். தம்பி தங்கைகள், நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். உங்கள் வீட்டில் பத்தாவது படிக்கும் தம்பியோ தங்கையோ இருக்கலாம். உங்களில் சிலர் அப்படிப்பட்ட பள்ளிக்கு ஆசிரியராகப் போகவும் கூடும்.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். 'இன்டர்நேஷனல் பக்கலோரியட்' என்பது 1968-இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட அமைப்பு. தூதரக அதிகாரிகளும் சர்வதேச நிறுவன ஊழியர்களும் நாடு விட்டு நாடு மாறும்போது அவர்களின் பிள்ளைகள் படிப்பு தடைப்படக் கூடாது என்பது ஒரு நோக்கம். சின்ன வயதிலேயே இரண்டு மூன்று பாடங்களுக்குள் மாணவனை அடைத்துவிடக் கூடாது என்பது இன்னொன்று. அதன் முதல் தலைமை இயக்குநரான அலெக் பீட்டர்சன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளருக்கு இந்த இரண்டாவது கவலை அதிகம். இந்தியாவில் இது நுழைந்தது நம் தமிழ்நாடு வழியாகத்தான். கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி 1976-இல் இதைத் தொடங்கியது.

நம் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குச் சமமான இரண்டு வருடப் படிப்பு இது. ஆறு பாடங்கள். தாய்மொழி அல்லது நன்றாகத் தெரிந்த மொழியின் இலக்கியம், இன்னொரு மொழி, ஒரு சமூக அறிவியல், ஒரு அறிவியல், கணிதம் ஆகிய ஐந்தும் கட்டாயம். ஆறாவது கலைப் பாடம். அதற்குப் பதில் இன்னொரு அறிவியலோ சமூக அறிவியலோ எடுக்கலாம். இந்த ஆறில் மூன்றை 'ஹையர் லெவல்' என்ற மேல்நிலையில் படிக்க வேண்டும். அதற்கு 240 மணி நேர வகுப்பு. மற்றவை 'ஸ்டாண்டர்டு லெவல்'. 150 மணி நேரம். ஒவ்வொரு பாடத்துக்கும் 7 புள்ளி. ஆறேழு நாற்பத்திரண்டு ஆயிற்று. மீதி 3 புள்ளி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒன்று, மாணவன் தானே தலைப்பைத் தேர்ந்து எழுதும் 4,000 சொல் வரையிலான ஆய்வுக் கட்டுரை. இரண்டு, 'அறிவுக் கோட்பாடு' என்ற பாடம். ஒன்றை நமக்குத் தெரியும் என்று எந்த ஆதாரத்தில் சொல்கிறோம் என்று கேட்கும் பாடம் அது. இவை இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்த 3 புள்ளி, மொத்தம் 45. இவற்றோடு கலை, உடற்பயிற்சி, சமூக சேவை என்று ஏறக்குறைய 18 மாதம் செய்துகொண்டே இருக்க வேண்டியதும் உண்டு. அதற்குப் புள்ளியே கிடையாது. ஆனால் அதைச் செய்யாவிட்டால் டிப்ளமாவும் கிடையாது. தேர்ச்சிக்கு 24 புள்ளியும், கூடவே சில நிபந்தனைகளும்.

கஷ்டமான படிப்பு என்கிறார்களே, எங்கே கஷ்டம்? பாடத்தில் இல்லை. நம் பிளஸ் டூ கணக்குப் போட்ட பையனுக்கு அந்தக் கணக்கு பயமுறுத்தாது. கஷ்டம் காலண்டரில் இருக்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் மாணவனே செய்து தர வேண்டிய ஒரு வேலை உண்டு. கணக்கில் ஓர் ஆய்வு, இயற்பியலில் ஒரு சோதனை, பொருளாதாரத்தில் செய்தியை வைத்து விமரிசனம் என்று. இரண்டாம் வருடத் தொடக்கத்தில் இவை எல்லாமும், அந்த 4,000 சொல் கட்டுரையும், கல்லூரி விண்ணப்பங்களும் ஒரே மூன்று நான்கு மாதத்தில் வந்து விழும். மிக நன்றாகப் படிக்கிற பிள்ளை அழுவதை அந்த மாதங்களில் பார்த்திருக்கிறேன். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிற சுமாரான பிள்ளை சிரித்துக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறேன். கடைசி நேரத்தில் ராத்திரி கண்விழித்துப் படித்துத் தேறுகிற நம் பழைய வித்தை அங்கே செல்லாது.

சரி, கிடைப்பது என்ன? என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வேதியியலில் கட்டுரை எழுதினாள். தன் தெருவைச் சுற்றியுள்ள ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் எவ்வளவு கடினம் என்பது தலைப்பு. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்து வந்து டைட்ரேஷன் செய்தாள். ஒரு நாள் வந்து, "சார், ஒரே கிணத்துத் தண்ணிக்கு மூணு ரீடிங்கும் ஒத்து வரல. அதை அப்படியே எழுதட்டுமா?" என்று கேட்டாள். எழுது, ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்து எழுது என்று அவளுடைய வேதியியல் ஆசிரியை சொன்னார். நாம் இங்கே பிராக்டிகல் தேர்வில் 'வரவேண்டிய' விடையை முதலில் எழுதிவிட்டு ரீடிங்கைப் பின்னால் போட்டவர்கள்தானே! முன்வரிசையில் இருக்கும் பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும். அந்தப் பெண் 45 வாங்கவில்லை, 33 வாங்கினாள். ஆனால் வராத விடையை வரவில்லை என்று எழுதும் தைரியத்தைப் பதினேழு வயதில் கற்றுக்கொண்டாள். இந்தப் படிப்பின் சரக்கு இதுதான். மற்றதெல்லாம் மேல் உறை.

இனி முடிவெடுப்பது எப்படி என்று பார்ப்போம். 'என் பிள்ளையால் முடியுமா' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, 'எதற்காக?' என்பது.

மேற்படிப்பு வெளிநாட்டில்தான் என்றால் இது நல்ல சாவி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஹையர் லெவல் பாடத்தில் நல்ல புள்ளி இருந்தால் முதல் வருடத்தில் சில பாடங்களிலிருந்து விலக்கும் கிடைக்கிறது. இந்தியாவிலேயே படிப்பு என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இந்த டிப்ளமாவைப் பிளஸ் டூவுக்குச் சமமாக ஏற்கிறது. அதில் சந்தேகம் வேண்டாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மருத்துவத்துக்கு நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐ.பி.யின் வழக்கமான ஆறு பாட அமைப்பில் இரண்டு அறிவியலுக்குத்தான் இடம். மூன்றுக்கும் விதிவிலக்கு கேட்க வழி உண்டு என்றாலும், சேரும்போதே பள்ளி மூலம் கேட்டாக வேண்டும். டாக்டர் ஆசையோடு வந்த ஒரு பையன் இது தெரியாமல் பாதி வருடம் படித்துவிட்டு, அப்புறம் விலகி வேறு பள்ளியில் மறுபடி பிளஸ் ஒன் சேர்ந்தான். ஒரு வருடம் போயிற்று. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சும்மாவா சொன்னார்கள்?

எஞ்சினியரிங்குக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் ஐ.பி.யில் பொருந்தும். ஆனால் தமிழ்நாட்டில் 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்குக் கணக்கிட்டுத்தான் கவுன்சலிங். 7-க்கு வாங்கிய புள்ளியை நூற்றுக்கு எப்படி மாற்றுவார்கள், மே மாதத் தேர்வின் முடிவு ஜூலை முதல் வாரத்தில் வரும்போது எந்த சேர்க்கைக்கு நேரம் இருக்கும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஜே.இ.இ. எழுத வேண்டுமானால், அதற்குத் தனிப் பயிற்சி வேறு. இரண்டு குதிரையில் சவாரி செய்யும் பிள்ளைக்குத் தூங்க நேரம் எங்கே?

அடுத்தது பணம். நம்மூரில் இது தனியார் பள்ளிகளில்தான். இரண்டு வருடத்துக்குப் பல லட்சம் ஆகும். என்னோடு இங்கே படித்த நண்பன், வங்கியில் வேலை பார்ப்பவன், ஒரு நாள் போன் செய்தான். "டேய், பி.எஃப். பணத்துல கை வெச்சாவது பொண்ணை ஐ.பி.ல சேத்துடலாம்னு இருக்கேன்" என்றான். "பொண்ணு என்ன ஆகணும்ங்குறா?" என்றேன். "சி.ஏ." என்றான். "சி.ஏ.வுக்கு நம்ம பிளஸ் டூவே போதுமேடா. அப்புறம் ஐ.பி. எதுக்கு?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "ஆபீஸ்ல எல்லாரும் சேத்துருக்காங்கடா" என்றான். அந்தப் பெண் காமர்ஸ் எடுத்துப் படித்தாள். இன்று ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்கிறாள். பி.எஃப். பணம் பத்திரமாக இருக்கிறது. பிள்ளைக்குத் தேவையென்றால் கடன் வாங்கினாலும் தப்பில்லை. ஆபீஸ் நண்பர்களுக்காக வாங்கக் கூடாது.

அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் ஐ.பி. நடத்தும் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசுப் பள்ளிகள். அங்கே கேள்வி பணமல்ல, ஏ.பி.யா, ஐ.பி.யா என்பதுதான். ஏ.பி.யில் பிடித்த பாடத்தை மட்டும் எடுக்கலாம். ஐ.பி. முழுச் சாப்பாடு. ஆனால் ஐ.பி.யிலும் முழு டிப்ளமா வேண்டாம், சில பாடங்களுக்கு மட்டும் தேர்வு எழுதுகிறேன் என்று சொல்ல இடமுண்டு. பிள்ளை திணறினால் இந்த வழி இருப்பதை மறந்துவிடாதீர்கள்.

எல்லாம் பொருந்தி வருகிறது, இருந்தாலும் தயக்கம் என்றால் வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை. கோடை விடுமுறையில் பிள்ளையிடம், "உனக்குப் பிடிச்ச ஒரு கேள்வியை எடுத்து மூணு வாரத்துல நாலு பக்கம் எழுது" என்று சொல்லுங்கள். டியூஷன் கூடாது, நீங்கள் உதவக் கூடாது, ஞாபகப்படுத்தவும் கூடாது. எழுத்து நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். தானாகத் தொடங்கினானா, முடித்தானா, முடித்தபோது முகம் மலர்ந்ததா என்று பாருங்கள். மலர்ந்தால் சேருங்கள். இல்லையென்றால் அவன் மட்டம் என்று அர்த்தமில்லை. அவனுக்கு வேறு வழி. கடைசி வார்த்தை பிள்ளையுடையதாக இருக்கட்டும். அந்த மூன்று மாதம் விழித்திருக்கப் போவது அப்பா அல்ல.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் அரசுப் பள்ளியிலிருந்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருப்பீர்கள். இந்தப் பேச்செல்லாம் வசதியானவர்களுக்கு என்று நினைக்க வேண்டாம். ஐ.பி. வாங்கும் கட்டணத்தில் கட்டடத்துக்கும் பெயருக்கும் ஒரு பங்கு போகிறது. அதன் சாரமோ இலவசம். உங்களுக்கென்று ஒரு கேள்வி, நூலகத்தில் நான்கு புத்தகம், வராத விடையை வரவில்லை என்று எழுதும் நேர்மை. நம் கல்லூரி நூலகத்திலேயே அதைத் தொடங்கலாம். வழிகாட்டப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். வேதியியல், இயற்பியல், பொருளாதாரம் படித்த முன்னாள் மாணவர்கள் இங்கே இத்தனை பேர் இருக்கிறோம். ஆளுக்கு இரண்டு மாணவர்களின் கட்டுரையைப் படித்துத் திருத்தித் தருவது நமக்குப் பெரிய வேலையா? சங்கம் இதை ஏற்று நடத்தினால் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.