தாதியர் ஏடும் சுகாதாரக் கொள்கையும்

(காம்பார் வட்டாரத் தோட்ட மக்களிடையே நிகழ்த்திய உரை)



நாட்டின் சுகாதாரக் கொள்கையை வகுப்பவர் யார் என்று கேட்டால், அமைச்சரும் மருத்துவ வல்லுநர்களும் என்றே நம்மில் பலர் விடை கூறுவோம். அது பாதி உண்மையே. வீடு வீடாகச் சென்று, கண்டதை ஏட்டில் குறித்துவரும் தாதிக்கும் அதில் பெரும் பங்குண்டு.

1854இல் கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களைப் பேணச் சென்றவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். வீரர்கள் காயத்தைவிட நோயினாலேயே மிகுதியாக மாண்டனர் என்பதைக் கணக்கெடுத்து, படமாக வரைந்து அரசாங்கத்தின் முன் வைத்தார். இராணுவ மருத்துவமனைகளின் துப்புரவு முறை சீர்பெற அக்கணக்கு பெரிதும் துணைபுரிந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1957இல் இங்குப் பிறந்த ஓர் இலட்சம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார் உயிரிழந்தனர். 1990களில் இது பெரிதும் குறைந்தது. மருத்துவமனைகளும் சாலைகளும் பெருகியமை ஒரு காரணம். சிற்றூர்தோறும் அமர்த்தப்பட்ட தாதியரும் மருத்துவச்சியரும் மற்றொரு காரணம்.

1991 முதல் ஒவ்வொரு தாயின் மரணமும் இரகசியமாக ஆராயப்பட்டு வருகிறது. எவரையும் தண்டிப்பது அதன் நோக்கமன்று. தவறு எங்கே நேர்ந்தது என்றறிவதே நோக்கம். அங்கே தாதி எழுதிய குறிப்பும் ஆராயப்படுகிறது. அதிலிருந்து புதிய விதிமுறைகள் பிறக்கின்றன.

கருவுற்ற தாயின் மருத்துவப் புத்தகத்தில் இடப்படும் வண்ணக் குறியையும் எண்ணிப் பாருங்கள். வெள்ளையெனில் தாதியே கவனிப்பார். பச்சையெனில் மருத்துவர் பார்க்க வேண்டும். மஞ்சளெனில் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சிவப்பெனில் உடனே மருத்துவமனை. ஆபத்தை முதலில் கண்டறியும் பொறுப்பு இவ்வாறு தாதியின் கையில் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

தோட்டங்களின் நிலையோ வேறாக இருந்தது. தோட்டம் தனியார் நிலம். வைத்தியம் நிருவாகத்தின் பொறுப்பு என்றிருந்தது. டிரசரிடம் மருந்து கிடைத்தது. ஆயினும் அரசாங்கத் தாதியின் ஏட்டில் நம் லயத்துத் தாய்மார் பலர் இடம்பெறவில்லை. ஏட்டில் இல்லாதவரின் குறையைத் திட்டம் தீட்டுவோர் எவ்வாறு அறிவர்?

பால்மரக் காடுகள் பல இன்று மறைந்துவிட்டன. நம்மவரில் பலர் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துவிட்டனர். தோட்டத்தில் இருப்பினும் பட்டணத்தில் இருப்பினும், நாம் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, கருவுற்ற பெண் முதல் மூன்று மாதங்களுக்குள் அரசாங்கக் கிளினிக்கில் பதிந்துகொள்ள வேண்டும். வேலை கெடுமே என்று தள்ளிப்போடுதல் தகாது.

இரண்டாவது, தாதி கேட்கும்போது மறைக்காமல் கூற வேண்டும். இரத்தக் குறைவு, முந்திய பேற்றில் நேர்ந்த இரத்தப்போக்கு, குடிநீரின் நிலை, கழிவிடத்தின் நிலை ஆகிய யாவும் அவர் அறியத்தக்கவையே. நாணத்தினால் மறைத்த ஒரு சொல் ஓர் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

மூன்றாவது, நம் பெண்மக்களைத் தாதியர் பயிற்சிக்கு ஊக்குவிக்க வேண்டும். லயத்து வாழ்வை அறிந்த பெண் ஆலோசனைக் கூட்டத்தில் அமர்ந்தால், நம் தேவை அங்கே தானாகவே பேசப்படும்.

நாம் இன்று தாதியிடம் உரைக்கும் உண்மை, நாளை நாட்டின் சட்டமாகலாம். ஆகவே அவர் வாசலுக்கு வரும்போது, உள்ளே அழைத்து அமரச் செய்து, உள்ளதை உள்ளபடி கூறுவோமாக.