கட்டம் கட்டமா தெரியுதா? சேவ் மட்டும் பண்ணிடாதீங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருந்தார்: "வீட்ல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு. அதுல இருக்கிற தமிழ் ஃபைல் எதுவும் படிக்க முடியல, எல்லாம் குப்பையா தெரியுது. தூக்கிப் போட்டுடலாமா?" இன்னைக்கு முழுக்க அதுக்கான பதில்தான். சுருக்கமான பதில், தூக்கிப் போடாதீங்க. விரிவான பதிலுக்கு எங்க தாத்தா கம்ப்யூட்டரைப் பத்திச் சொல்லணும்.

தாத்தா பாளையங்கோட்டைல அரசு அலுவலகம் ஒண்ணுல டைப்பிஸ்ட். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சவர். ரிடையர் ஆன பிறகு, 2004ல, வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி, முதுகு பெருத்த மானிட்டர். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அதுல உட்கார்ந்து ஏதோ தட்டிக்கிட்டே இருப்பார். என்னன்னு நாங்க யாரும் கேட்டதில்ல. 2011ல அவர் போயிட்டார். அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுச்சு. சரி பண்ண வந்தவர் சி டிரைவை ஃபார்மட் பண்ணி, விண்டோஸைப் புதுசா போட்டுட்டுப் போனார். நல்லவேளை, டி டிரைவைத் தொடல. தாத்தா ஃபைல் எல்லாம் அங்கதான் இருந்தது.

ஆனா திறந்து பார்த்தா ஒரு வரி கூடத் தமிழ் இல்ல. எம், கே, செமிகோலன், கே, எச்... இப்படியே பக்கம் பக்கமா. நடுவுல எண்கள் மட்டும் ஒழுங்கா இருந்தது. 1962ன்னு ஒரு இடத்துல. 5ன்னு ஒரு இடத்துல. வைரஸ்னு நினைச்சு மூடிட்டோம். பரண்ல ஏறின கம்ப்யூட்டர், போன வருஷம் ஆச்சி கேட்டப்போதான் கீழ இறங்குச்சு. "ஏய்யா, அவுக அந்தப் பொட்டியில தட்டிக்கிட்டே இருந்தாகளே, அதுல என்ன இருக்குன்னு வாசிச்சுச் சொல்லேன்."

செருப்பு டோக்கன்

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சா போதும், மத்தது எல்லாம் சுலபம். ஃபைலுக்குள்ள எழுத்தே கிடையாது. எண்கள்தான் இருக்கு. எந்த எண்ணுக்கு எந்த எழுத்துன்னு ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் திரையில காட்டுது.

கோயில் வாசல்ல செருப்பு விட்டா டோக்கன் தருவாங்க இல்லையா. 107ஆம் நம்பர் டோக்கனை எடுத்துட்டுப் போய் அதே கடைல கொடுத்தா உங்க செருப்பு வரும். பக்கத்துக் கடைல கொடுத்தா வேற யாரோட செருப்போ வரும். டோக்கன் கெட்டுப்போகல, உங்க செருப்பும் தொலையல. கடைதான் தப்பு.

நான் 107ன்னு சும்மா சொல்லல. கம்ப்யூட்டர் உலகத்துல 107ன்னா ஆங்கிலச் சின்ன எழுத்து 'கே'. ஆனா தாத்தா காலத்துல பரவலா இருந்த பாமினி ஃபாண்ட், அந்த 107ஆம் இடத்துல 'கே' படத்தை எடுத்துட்டு 'ம' படத்தை வச்சிருந்தது. ஃபாண்ட் இருக்கிறவரைக்கும் திரையில தமிழ். சி டிரைவை ஃபார்மட் பண்ணப்போ ஃபாண்டும் போயிடுச்சு. அதனால 'கே' வெளிய வந்துடுச்சு. நான் சொன்ன அந்த எம், கே, செமிகோலன், கே, எச் என்ன தெரியுமா? "அம்மா".

தாத்தா ஏன் பாமினியைப் பிடிச்சுக்கிட்டார்ங்கிறதும் அப்புறம்தான் புரிஞ்சது. ஏ, எஸ், டி, எஃப் இருக்கிற இடத்துல ய, ள, ன, க. அதாவது கிட்டத்தட்ட பழைய தமிழ் டைப்ரைட்டர் கீபோர்டுதான். இன்ஸ்டிட்யூட்ல பழகின விரல், புதுசா பெருசா எதுவும் கத்துக்க வேண்டியது இல்ல.

அந்தக் காலத்துல இப்படி நிறைய பட்டியல் இருந்தது. ஆளாளுக்கு ஒரு ஃபாண்ட், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு. 1999 பிப்ரவரில சென்னைல நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப்னு ரெண்டு தரம் வந்தது, தமிழ் 99 கீபோர்டும் வந்தது. இணையத்துல டிஸ்கின்னு ஒண்ணு தனியா ஓடிட்டு இருந்தது. யூனிகோட் வந்த பிறகுதான் இந்தக் குழப்பம் அடங்குச்சு. 2010ல தமிழ்நாடு அரசும் அதை ஏத்துக்கிச்சு. யூனிகோட்ல 'ம'வோட எண் 2990. எந்த ஊர் கம்ப்யூட்டர்லயும், எந்த ஃபாண்ட்லயும் அது 'ம'தான். வேற யாருக்கும் அந்த டோக்கன் கிடையாது.

எந்த மாதிரி குப்பை?

உங்க திரையில தெரியறது எந்த வகைன்னு முதல்ல பாருங்க. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்ற மாதிரிதான். அஞ்சு வகை உண்டு.

ஒண்ணு, வரிசையா காலிக் கட்டங்கள். இது பயப்படவே வேண்டாதது. எண் சரியா இருக்கு, அதுக்குப் படம் உள்ள ஃபாண்ட் இல்ல, அவ்வளவுதான். யூனிகோட் தமிழ் ஃபாண்ட் ஒண்ணு போட்டா சரியாயிடும்.

ரெண்டு, தலைமேல சின்னக் கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்துல வட்டத்துக்குள்ள 'ஆர்'. இந்த ஜோடி திரும்பத் திரும்ப வரும். பார்த்ததும் சந்தோஷப்படுங்க, உள்ள இருக்கிறது நல்ல யூனிகோட் தமிழ். யூடிஎஃப்-8 முறையில ஒரு தமிழ்க் குறிக்கு மூணு பைட் தேவை. உங்க புரோகிராம் அந்த மூணையும் தனித்தனி எழுத்தா படிச்சுடுச்சு. எடிட்டர்லயோ பிரவுசர்லயோ என்கோடிங்னு ஒரு மெனு இருக்கும், அதுல யூடிஎஃப்-8ன்னு மாத்துங்க.

மூணு, தமிழ் தெரியுது, ஆனா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி நிக்குது, கால் தனியா கிடக்குது, நடுவுல புள்ளி புள்ளியா ஒரு வட்டம். எழுத்துகளைச் சேர்த்து வைக்கிற வேலைய விண்டோஸ் செய்யலன்னு அர்த்தம். எக்ஸ்பில அது தானா வராது. கன்ட்ரோல் பேனல்ல ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் போய், லாங்குவேஜஸ் டேப்ல காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்னு வர்ற வரி ஒண்ணு இருக்கும், அந்தக் கட்டத்தை டிக் பண்ணணும். எக்ஸ்பி சிடி கேட்கும். அது கைல இல்லன்னா ஃபைலைப் புது லேப்டாப்புக்குக் கொண்டு வந்துடுங்க, அங்க இந்தப் பிரச்சனையே இல்ல.

நாலு, எங்க தாத்தா கேஸ். ஆங்கில எழுத்தும் செமிகோலனுமா ஒரே கூட்டம், எண்கள் மட்டும் சரியா இருக்கும். பழைய ஃபாண்ட் வேலை.

அஞ்சு, வரிசையா கேள்விக்குறி. இதுக்குக் கடைசில வரேன்.

தாத்தா ஃபைலை எப்படித் திறந்தேன்

முதல் வேலை, காப்பி. பென் டிரைவ்ல அப்படியே காப்பி, அந்தக் காப்பிக்கு இன்னொரு காப்பி. ஒரிஜினலைத் திறக்கக்கூட வேண்டாம். பழைய கம்ப்யூட்டரை நெட்ல இணைக்கவும் வேண்டாம். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரலோட நின்னுடுச்சு. போர்டுல இருக்கிற பட்டன் பேட்டரி வேற தீர்ந்திருக்கும், கடிகாரம் ஏதோ ஒரு வருஷத்துல நிக்கும், அதனாலயே பாதி வெப்சைட் திறக்காது.

ரெண்டாவது, ஃபாண்ட் பேரைக் கண்டுபிடிக்கணும். வேர்டு ஃபைலா இருந்தா இது ரொம்ப சுலபம். குப்பை மேல கர்சரை வச்சு, மேல ஃபாண்ட் பெட்டியைப் பாருங்க. அந்த ஃபாண்ட் கம்ப்யூட்டர்ல இல்லைன்னாலும் பேர் அங்க இருக்கும். எங்க ஃபைல்ல 'பாமினி'ன்னு எழுதியே இருந்தது. பதிமூணு வருஷமா அது அங்கதான் இருந்திருக்கு, நாங்கதான் பார்க்கல.

மூணாவது, மாத்தணும். ஃபாண்டைத் தேடிப் போட்டாலே அந்த ஃபைலைப் படிச்சிடலாம். ஆனா ஃபோன்ல அனுப்பினா மறுபடியும் குப்பைதான். அதனால யூனிகோடுக்கு மாத்திடறதுதான் நிரந்தர வழி. என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி மென்பொருள் இருக்கு. பைத்தான் தெரிஞ்சவங்களுக்கு ஓப்பன்-தமிழ் லைப்ரரி இருக்கு. குடும்பக் கடிதம், கணக்கு வழக்குன்னா ஏதாவது வெப்சைட்ல கொண்டு போய்க் கொட்டாம, உங்க கம்ப்யூட்டர்லயே ஓடுற ஒண்ணை எடுத்துக்கோங்க.

மாத்தினதும் வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, கண்டிப்பா உட்கார்ந்து படிக்கணும். டைப்ரைட்டர்ல சிக்கனமா ஒரு வேலை பண்ணுவாங்க. 'ர்' அடிக்கத் துணைக்கால் போட்டு மேல புள்ளி வச்சுடுவாங்க. பாமினியும் அப்படித்தான். இது தெரியாத கன்வர்ட்டர்னா 'ர்' வர்ற இடமெல்லாம் சொதப்பும். 'கொ' அடிக்கக் கொம்பு, க, கால்னு மூணு தட்டு, யூனிகோட்ல கொம்பு க-வுக்கு அப்புறம்தான் வரணும், அதையும் திருப்பி அடுக்கணும். 'கௌரவம்' பல சமயம் 'கெளரவம்'னு வரும், ஏன்னா அங்க 'ள'வையே எடுத்து ஒட்டியிருப்பாங்க. நடுவுல ஆங்கில வார்த்தை வந்தா அதுவும் தமிழா மாறிடும். தாத்தா ஃபைல்ல 'டுஐஊ, டுஐஊ'ன்னு நாலு இடத்துல இருந்தது. அரை நாள் யோசிச்சேன். கடைசில பார்த்தா அது எல்ஐசி.

மொத்தம் பதினோரு ஃபைல். பத்து திறந்துடுச்சு.

பதினோராவது

இப்போ அந்தக் கேள்விக்குறி.

கடைசிக் காலத்துல தாத்தாவுக்குக் கண் சரியா தெரியல. அவர் ஃபோன்ல சொல்லச் சொல்ல, சென்னைல இருந்த அத்தை யூனிகோட்ல டைப் பண்ணி மெயில் அனுப்பினாங்க. அதை நோட்பேட்ல போட்டு டி டிரைவ்ல சேவ் பண்ணினது நான்தான். ஸ்கூல் பையன். எக்ஸ்பில இருந்த நோட்பேட் தானா ஆன்சின்னு ஒரு பழைய முறையிலதான் சேவ் பண்ணும். அந்தப் பட்டியல்ல தமிழுக்கு இடமே இல்ல. "இதுல இருக்கிற யூனிகோட் எழுத்து எல்லாம் போயிடும்"னு ஒரு எச்சரிக்கை வந்திருக்கும். வராம இருக்காது. ஓகே அடிச்சிருப்பேன். நாம எல்லாரும் படிக்காம ஓகே அடிக்கிறவங்கதானே.

பட்டியல்ல இடமில்லாத ஒவ்வொரு எண்ணையும் அழிச்சுட்டு, அங்க ஒரு கேள்விக்குறியை எழுதிடும். திரையில மட்டும் இல்ல, ஃபைலுக்குள்ளயே. டோக்கனையே கிழிச்சுப் போட்ட மாதிரி. சில சமயம் புரோகிராம் காட்டத் தெரியாமலும் கேள்விக்குறி போடும், அதனால வேற எடிட்டர்ல ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க. அங்கயும் கேள்விக்குறின்னா அவ்வளவுதான். கன்வர்ட்டர், ஃபாண்ட், எதுவும் உதவாது.

கொடுமை என்னன்னா, எண்களும் வார்த்தைக்கு நடுவுல இடைவெளியும் முற்றுப்புள்ளியும் அப்படியே இருக்கு. அஞ்சு கேள்விக்குறி சேர்ந்து நின்னா அது "அம்மா"வா இருக்கலாம். அஞ்சு குறில அடங்கற வேற எந்த வார்த்தையாவும் இருக்கலாம். ரெண்டு பக்கம். தாத்தா எங்க மூச்சு விட்டார்னு தெரியுது, என்ன சொன்னார்னு தெரியல. அத்தைக்கு அந்தப் பழைய மெயில் கணக்கோட பாஸ்வேர்டும் ஞாபகம் இல்ல.

விண்டோஸ் 10ல 2019ஆம் வருஷ அப்டேட்டுக்கு அப்புறம் நோட்பேட் தானாவே யூடிஎஃப்-8ல சேவ் பண்ணுது. எனக்கு அது லேட்.

அதனாலதான் தலைப்புலயே சொன்னேன். குப்பையா தெரியற ஃபைலால ஆபத்து இல்ல. அது பத்து வருஷம், இருபது வருஷம் பொறுமையா காத்துட்டு இருக்கும். "சரி பண்றேன்"னு திறந்து, ஏதாவது மாத்தி, சேவ் அடிக்கிற அந்த ஒரு நொடிதான் ஆபத்து. மூடும்போது "சேவ் பண்ணட்டுமா"ன்னு கேட்டா, வேண்டாம்னு சொல்லுங்க.

மத்த பத்து ஃபைலையும் பிரிண்ட் எடுத்துட்டுப் போய் ஆச்சிகிட்ட வாசிச்சேன். அந்த 1962, தாத்தா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல சேர்ந்த வருஷம். 5, மாசச் சம்பளம் அஞ்சு ரூபாய். ஆச்சி கண்ணை மூடிக் கேட்டுட்டே இருந்தவங்க டக்னு நிறுத்தினாங்க. "62 இல்லய்யா, 63. எங்க கல்யாணத்துக்குப் பொறவுதான் சேர்ந்தாக. அவுகளுக்கு வருசம் எப்பவும் தப்பும்."

அடைப்புக்குறிக்குள்ள 'ஆச்சி சொல்வது: 63'ன்னு சேர்த்திருக்கேன். யூடிஎஃப்-8லதான் சேவ் பண்ணினேன்.

உங்க வீட்டுப் பரண்ல இருக்கிறதை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்க. எந்த வகை குப்பைன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்ந்து பார்க்கலாம்.